ரொட்டி வண்டியின் பல்சக்கரம்

போன வாரம் எழுதியதை எங்கள் மில்லின் சங்கு ஊதியதோடு நிறுத்தியிருந்தேன். அந்தச் சங்குக்கு ஓடி வருகிறவர்களில் என் மச்சானும் ஒருவர். பெயர் நாச்சிமுத்து. என் அக்கா தெய்வானையின் கணவர். அவர் ரிங் பிரேம் இலாகாவில் நூல் நூற்றார். நான் அதே மில்லின் ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் கேட்டுக்குள் நுழைந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. குளிருக்கு ஒடுங்கியவர் போல இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு வந்தார். சித்திரை மாதம். கோயமுத்தூரில் அப்போது குளிர் ஏது? கையைக் காட்டச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு காட்டினார்.

உள்ளங்கை இரண்டிலும் தோல் வழன்று போயிருந்தது. சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு மலை முழுக்கத் தள்ளிக்கொண்டு போனால் அந்த இடத்தில்தான் உரியும்.

ரிங் பிரேமில் அவருடைய வேலை, அறுந்த இழையை விரலால் எடுத்து ஒட்டுவது. அந்த இலாகாவில் பஞ்சு தூறல் போலப் பறந்துகொண்டே இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது புண்ணின் மேலெல்லாம் பஞ்சு படிந்து இரண்டு கையும் வெள்ளையாகியிருந்தன. வேப்ப மரத்தடியில் உட்கார வைத்து, தண்ணீர் விட்டு நனைத்து, பஞ்சை ஒவ்வொரு இழையாக எடுத்துப் போட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மலை ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"கேட்டு மூடிப்போட்டாங்க மாப்ளே" என்றார்.

சங்கு ஊதியதும் எழுந்து மறுபடி இழை ஒட்டப் போய்விட்டார்.

வெள்ளைப் போர்வைகள்

முப்பதுகளின் பின்பாதி அது. பைகாராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பல்லடம் பக்கத்தில் எங்கள் கிணறுகள் வற்றிய வருஷம், மச்சான் குடும்பமும் நாங்களும் ஒரே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து ஒரே லைன் வீட்டு வரிசையில் குடியேறினோம். ஊரில் ஏர் பிடித்த கைகள் இங்கே வந்து கண்ணுக்குத் தெரியாத இழையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டன. மச்சானின் கை அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டது.

அக்காவுக்கு இருமல் வந்தது. முதலில் பஞ்சுத் தூசி என்றார்கள். அவள் மில்லுக்குள் கால் வைத்ததே இல்லை. பிறகு சாயங்காலமானால் காய்ச்சல். பிறகு ஒரு நாள் முந்தானையில் ரத்தம். டவுன் டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, சயரோகம், மலைக்காற்று வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

குன்னூருக்குச் சற்றுக் கீழே, மலைச்சரிவில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. இன்றைக்கு இருக்கும் மருந்துகள் எதுவும் அன்று கிடையாது. பால், முட்டை, ஓய்வு, காற்று, அவ்வளவுதான் வைத்தியம். நீளமான வராந்தாவில் வரிசையாகக் கட்டில் போட்டு, பனியோ வெயிலோ, நோயாளிகளை அங்கேயே படுக்க வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறவுக்காரர்கள் வந்து பார்க்கலாம். உச்சிவேளை மணி அடித்ததும் கேட்டை மூடிவிடுவார்கள்.

எங்களுக்கும் ஞாயிறுதான் லீவு. மலை ரயிலும் பஸ்ஸும் இருக்கத்தான் இருந்தன. ஆனால் எங்கள் கூலியில் மாதத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் அதில் போய் வரலாம். மச்சானுக்கு மாதம் ஒரு தடவை போதவில்லை. அவரிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது.

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சைக்கிளில் போவது அன்றைக்கு ஒன்றும் பெரிய காரியமில்லை. கல்லாறு தாண்டிப் பாக்குத் தோப்புகள் முடிகிற இடத்தில்தான் ரோடு தலையைத் தூக்கும். முதல் கொண்டை ஊசி வளைவுக்குள்ளேயே பெடல் மேலே வந்து நின்றுவிடும். எழுந்து நின்று, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டாலும் அது இறங்காது. மச்சான் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். கேரியரில் கேப்பை மாவுப் பை, ஹேண்டில்பாரில் உமிக்குள் புதைத்து வைத்த நாட்டுக்கோழி முட்டைகள். மேலே போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து முடிந்திருந்தது.

காவல்காரர் நல்ல மனுஷர். பையை வாங்கி உள்ளே கொடுத்தனுப்பினார். ஆளை விடவில்லை. மச்சான் வேலி ஓரமாக நின்று பார்த்தாராம். வராந்தா தெரிந்தது, கட்டில்கள் தெரிந்தன, எல்லாப் போர்வையும் வெள்ளை. எது அக்கா என்று தெரியவில்லை.

இதை அவர் இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். "ஒவ்வொரு கட்டலையும் கொஞ்ச கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்தேன் மாப்ளே. ஏதோ ஒண்ணு அவுளா இருக்குமில்ல" என்றார்.

சித்தி கொண்டு போன செய்தி

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் போகும் முறை என்னுடையது. சித்தியும் தன் கைக்காசில் கூட வந்தாள். சித்தி நல்லவள். ஆனால் எந்தச் செய்தியும் அவள் வயிற்றில் ஒரு நாளுக்கு மேல் தங்காது. அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, கடைசியில், ஊரிலேயே தங்கிவிட்ட மச்சானின் அம்மா பல்லடத்துப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட்டாள்.

அது உண்மைதான். அந்தம்மாளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அதே நோயில் தன் வீட்டிலேயே இரண்டு பேரைப் பறிகொடுத்தவர். இந்த நோய் வந்தால் மனுஷர் திரும்பி வருவதில்லை என்பதுதான் அவர் கண்ட உலகம். இருக்கிற மகனுக்கு ஒரு குடும்பம் வேண்டும் என்று நினைத்தார். அந்தக் காலத்தில் அது யாரும் வாய் பிளக்கிற சங்கதியும் இல்லை.

அக்கா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். எங்கள் செவலை மாடு கன்று போட்டுவிட்டதா என்று என்னைக் கேட்டாள்.

கிளம்பும்போது நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். மலையாளக் கரைக்காரர், உயரமான பெண்மணி, சிரித்துப் பார்த்ததில்லை. போன ஞாயிறு முட்டைப் பை மட்டும் வந்து ஆள் வராமல் போனதிலிருந்தே அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். பாலைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிடுகிறாள். முட்டை பூனைக்குப் போகிறது. எடை இறங்கிக்கொண்டே வருகிறது. இப்படியே போனால் இங்கே வைத்திருந்து பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லுகிறார்.

"வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்றார். "கேட் மூடுறதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது சித்தி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மச்சானிடம் இரண்டையும் சொன்னேன். அந்த மாசத்துப் பஸ் காசு என்னோடு தீர்ந்திருந்தது. அந்த வாரமே அவருடைய அம்மா லைன் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். முறத்தில் கீரையை ஆய்ந்தபடியே அந்தம்மாள் நெடுநேரம் பேசினார். பெண்ணின் குடும்பம், அவர்கள் தோட்டம், வயசு, ஜாதகம். மச்சான் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துத் துணியில் கையைத் துடைத்தார்.

"அம்மா, இந்தச் சைக்கிள் ஒரு வழிக்கு வரட்டும். மேல போயி அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன். அவ சரின்னா எனக்குஞ் சரி."

குரலை உயர்த்தவில்லை. அவர் அம்மா கீரையை அப்படியே வைத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்கே பல்லடம் போய்விட்டார்.

காதர் பாய் கடை

யோசனை மச்சானுக்கு மில்லிலிருந்து கிடைத்தது. ரிங் பிரேமில் நூலின் நம்பர், அதாவது அதன் சன்னம், மாறும்போது, ஒரு சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றி வேறு பல் எண்ணிக்கையுள்ள இன்னொன்றை மாட்டுவார்கள். மோட்டார் அதேதான், பெல்ட் அதேதான், ஆனால் உருளைகளின் வேகம் மாறிவிடும். வருஷக்கணக்கில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"என்ற காலு அதேதான மாப்ளே. காலை மாத்த முடியாது. சக்கரத்தை மாத்தலாமில்ல" என்றார்.

உக்கடம் பக்கத்தில் காதர் பாயின் சைக்கிள் கடைக்குப் போனோம். பாய் பருத்த உடம்பு, ஓயாத வாய். எந்தச் சைக்கிள் வந்தாலும் தொடுவதற்கு முன்னால் அதை ஒரு பாட்டம் திட்டுவார். மச்சானின் சைக்கிளைப் பார்த்ததும் அவருக்கு வார்த்தை போதவில்லை.

அதன் வம்சாவளி அப்படி. சட்டம் சீமைச் சரக்கு, சர்வே ஆபீசர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றது. முன் சக்கரம் தபால்காரர் ஒருவருடைய உடைந்த சைக்கிளிலிருந்து வந்தது. பின் சக்கரம் வேறு கம்பெனி. பெடல் தண்டான கிராங்க் இன்னொன்று. ஒரு பெடல் ரப்பர், ஒரு பெடல் இரும்பு. ஹேண்டில்பார் யாருடையது என்று கடவுளுக்கே தெரியாது. ஆனாலும் மச்சான் அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, ஒரு சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இது சைக்கிள் இல்லீங்க" என்றார் பாய். "ஜாதகம் பாக்காமக் கட்டி வெச்ச கல்யாணம்."

விஷயத்தைச் சொன்னோம். மலை என்றதும் பாயின் வாய் அடங்கியது. குந்தி உட்கார்ந்து, செயின் ஓடுகிற பல்சக்கரங்களின் பல்லை எண்ணினார். முன்னால் நாற்பத்தெட்டு, பின்னால் பதினெட்டு. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கு மேல் ஓடும். சமதரையில் அது ராஜ நடை. ஏற்றத்தில் அதுவே பாறாங்கல். ஒன்று பின்னால் பெரிய பல்சக்கரம் போட வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் சின்னது போட வேண்டும். பின்னால் போடப் பெரியது கோயமுத்தூரில் யாரிடமும் இல்லை, பம்பாயிலிருந்து வர மாசக்கணக்காகும் என்றார்.

கடைக்குப் பின்னால் ஒரு மூன்று சக்கர வண்டி துருப்பிடித்துக் கிடந்தது. மூடிப்போன ரொட்டிக் கடை ஒன்றின் வண்டி. பெட்டி நிறைய ரொட்டி ஏற்றி இழுக்க வேண்டிய வண்டி என்பதால் அதன் முன் பல்சக்கரம் சின்னது. முப்பத்திரண்டு பல். பாய் அதைக் கழற்றி, துருவைத் தட்டி, மச்சானின் கையில் வைத்தார். சாப்பாட்டுத் தட்டில் பாதிதான் இருந்தது.

"மலை ரயிலைப் பாத்திருக்கீங்களா? அதும் இப்படித்தான். மெதுவாப் போகும். நிக்காது."

நான் பார்த்திருக்கிறேன். அக்காவைக் கொண்டுபோன அன்று கல்லாறு ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்தேன். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டை. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சக்கரம் ஒவ்வொரு பல்லாகப் பற்றிக்கொண்டு ஏறும். உள்ளே அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அந்தப் பட்டை எவ்வளவு தூரம் போகிறது என்று நான் அன்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

கிளம்பும்போது பாய் இன்னொன்றும் சொன்னார். "எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு, இது அதுல லேசுல உக்காராது."

அரத்தின் வேலை

உட்காரவில்லைதான். பல்சக்கரத்தோடு சேர்ந்து வந்த ரொட்டி வண்டிக் கிராங்கின் துளை, மச்சானின் சைக்கிள் அச்சை விடப் பெரிசு. மாட்டினால் ஆடியது. எங்கள் ஒர்க்‌ஷாப் மேஸ்திரியிடம் போய் நின்றேன். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் லேத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னதோடு, வளையத்தை எவ்வளவு மெல்லிசாகக் கடைய வேண்டும் என்று அவரே அளந்தும் கொடுத்தார். அந்த வளையத்தை இடையில் நுழைத்துக் காட்டர் பின் என்கிற இரும்பு ஆப்பை அடித்ததும் ஆட்டம் நின்றது.

அடுத்தது பல். ரொட்டி வண்டியின் செயின் அகலமானது. அதற்கேற்றாற்போலப் பற்களும் தடிமன். சைக்கிளின் மெல்லிசான செயின் அவற்றின் மேல் இறங்காமல் முதுகில் ஏறி நின்றது. முப்பத்திரண்டு பல்லையும் இரண்டு பக்கமும் அராவ வேண்டும். அதிகம் அராவினால் பல் பலவீனமாகிவிடும், மலையில் முறிந்தால் அதோடு கதை முடிந்தது.

ஷிப்ட் முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அராவுவேன். மச்சான் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்வார். இரும்புத் தூள் எங்கள் முழங்காலில் சாம்பல் போலப் படியும், வாயில் காசு கடித்த ருசி வரும். ஒவ்வொரு பல் முடிந்ததும் அவர் செயினை அதன்மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால்தான் அடுத்த பல்.

பிறகு செயின் நீளம் அதிகமாயிற்று. கண்ணிகளைக் குறைத்தோம். குறைத்ததும் பின் சக்கரம் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. முன்னால் வந்ததும் பிரேக் கட்டை ரிம்மைத் தொடவில்லை.

அதைப் பார்த்து மச்சான் சிரித்தார். அந்த மாசத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "ஏறறதுக்கு வழி பண்ணினோம் மாப்ளே, எறங்கறதுக்கு இல்லாமப் போச்சு" என்றார். காதர் பாய் பிரேக் கம்பியை வெட்டி, இடையில் ஒரு துண்டு சேர்த்து நீட்டிக் கொடுத்தார். கட்டையும் புதிசு போட்டார்.

மருதமலை அடிவாரத்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஏற்றம் வந்ததும் செயின் கழன்று விழுந்தது. மாட்டினோம், மறுபடி விழுந்தது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. இத்தனை நாள் அராவியது வீண்தானா?

மச்சான் சைக்கிளை ரோட்டோரம் கவிழ்த்து வைத்தார். பின்னால் போய்க் குந்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயினை வெகுநேரம் பார்த்தார். ரிங் பிரேமில் இழை நேராக வருகிறதா என்று பார்ப்பது போலவே பார்த்தார். முன் பல்சக்கரம் ஒரு மயிரிழை வெளியே தள்ளி உட்கார்ந்திருந்தது. அதனால் செயின் சாய்ந்து வந்தது.

"நூலு சாஞ்சு வந்தா அறுந்துதான போகும். இதும் அப்படித்தான்" என்றார்.

பாய் பின் பல்சக்கரமான பிரீவீலைக் கழற்றி, அதன் பின்னால் ஒரு மெல்லிய வளையம் வைத்து, அதையும் அதே அளவு வெளியே தள்ளினார். அதற்குப் பிறகு அந்தச் செயின் விழுந்ததே இல்லை.

சமதரையில் அந்தச் சைக்கிளை ஓட்டுவது வேடிக்கையாக இருந்தது. கால் பரபரவென்று சுற்றும், வண்டி மெதுவாக நகரும். அவினாசி ரோட்டில் ஒரு வண்டிக்காரர் மாட்டைப் பிடித்து நிறுத்தி, ஏனுங்க, ராட்டையா சுத்தறீங்க என்று கேட்டார். ஆமாங்க, நூக்கறதுதான நம்ம பொழப்பு என்று சொல்லிவிட்டு மச்சான் சுற்றிக்கொண்டே போனார். மேட்டுப்பாளையம் போக முன்பை விட நேரம் பிடிக்கும். அதனால் கோழி கூப்பிடுவதற்கு முன்பே கிளம்புவது என்று முடிவு செய்துகொண்டார்.

பஸ் ஜன்னலிலிருந்து

அந்த ஞாயிறு நானும் கடன் வாங்கிப் பஸ்ஸில் கிளம்பினேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

கல்லாற்றில் பாக்குத் தோப்பின் ஈரவாசனை வந்தது. முதல் வளைவில் எட்டிப் பார்த்தேன், காணவில்லை. அடுத்ததிலும் காணவில்லை. ஏற்றம் கூடக் கூட பஸ் முனகியது. டிரைவர் ஒரு பெரிய கரகரப்போடு கியரை மாற்றினார். அது வேகத்தை விட்டுவிட்டுப் பலத்தைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸும் இதைத்தானே செய்கிறது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

பர்லியாறு தாண்டி வெகுதூரம் போன பிறகு அவரைப் பார்த்தேன்.

எழுந்து நின்று மிதிக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்திருந்தார். முதுகு கொஞ்சம் வளைந்து, பார்வை முன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் ரோட்டில். கால்கள் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவசரமில்லை, தயக்கமுமில்லை. வேகமாக நடக்கிற ஒருவர் கூடவே வந்துவிடலாம், அவ்வளவுதான் வேகம். ஆனால் நிற்கவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் அவர் போவதைத் தலை திருப்பிப் பார்த்தன. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேரியரில் மாவுப் பை. ஹேண்டில்பாரில் முட்டை.

கூப்பிட வாயெடுத்தேன். அந்தச் சுற்றைக் கலைக்க மனம் வரவில்லை. பஸ் அவரைத் தாண்டியது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், யாரோ பைத்தியக்காரன் மலைமேல் சைக்கிள் விடுகிறான் என்றார்.

"எங்க மச்சானுங்க" என்றேன். என் வாழ்க்கையில் அத்தனை கர்வமாக நான் வேறு எதையும் சொன்னதில்லை.

அக்காவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். அவள் இன்னும் இளைத்திருந்தாள். ஊர்ச் சேதி சொல்லிக்கொண்டே மணியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கவில்லை. வராந்தாவின் கோடியில் மச்சான் வந்தார். கீழே வளைவில் இருந்த டீக்கடையில் சைக்கிளை விட்டு, முகம் கழுவி, தலை சீவி, மடித்துக் கொண்டுவந்த வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எஸ்டேட்டுக்குப் போகிற லாரியில் வந்ததாகச் சொன்னார். நானும் சும்மா இருந்தேன். தெரிந்தால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"அம்மா பல்லடத்துப் பக்கம் ஒரு பொண்ணு பாத்திருக்காங்க. உன்னையக் கேட்டுச் சொல்றேன்னு வந்தேன்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பள்ளத்தாக்கில் எங்கோ ரயில் கூவியது.

"வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள்.

"சரி" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாவு யார் அரைத்தது என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். நர்சம்மா பால் கொண்டுவந்து வைத்தார். அக்கா டம்ளரை எடுத்து, கீழே வைக்காமல் குடித்து முடித்தாள். கட்டிலுக்கு அடியில் காத்துக்கொண்டிருந்த பூனை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

அன்று முதல் மச்சான் அநேகமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஐப்பசி மழையில் ரோட்டில் மண் சரிந்தபோது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றைக் கடந்திருக்கிறார். இறங்கும்போது பிரேக் கட்டை சூடேறிப் புகை நாற்றம் அடிக்கும். ஓடைத் தண்ணீரை ரிம்மில் ஊற்றி, ஆறவிட்டு இறங்குவார். ஆஸ்பத்திரியில் ஆள் இருந்த மற்றக் கோயமுத்தூர்க் குடும்பங்கள் விஷயம் தெரிந்து அவரிடம் மூட்டை கொடுத்தனுப்ப ஆரம்பித்தன. யாருடைய பையையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. சுமை கூடினாலும் அந்தச் சின்னச் சக்கரம் ஏறிவிடும் என்பார்.

இத்தனை வருஷத்தில் பலசாலிகள் என்று பெயரெடுத்த பலரைப் பார்த்திருக்கிறேன். மலையேறுவதற்குப் பலத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்ட மனிதர் அவர் ஒருவர்தான். அது எத்தனை பெரிய பலம் என்று எனக்கு வயதான பிறகே விளங்கியது.

பர்லியாறு

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். நர்சம்மா அன்றைக்கும் சிரிக்கவில்லை. ஆனால் கேட் வரை கூட வந்தார்.

மச்சானும் நானும் பஸ்ஸில் போய்த்தான் அழைத்து வந்தோம். அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். போகும்போது மலை ரயிலில், காய்ச்சலில் கண் திறக்காமல் போனவள். இந்த ரோட்டை அவள் பார்த்ததே இல்லை.

பர்லியாற்றில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றது. பலாச்சுளை விற்கிறவர் கூடையோடு ஜன்னல் ஜன்னலாக வந்தார். மச்சானைப் பார்த்ததும் நின்றார்.

"ஏனுங்க, இன்னிக்குச் சைக்கிள் இல்லீங்களா? வாராவாரம் மிதிச்சுட்டு ஏறுவீங்களே" என்றார்.

அக்கா திரும்பி மச்சானைப் பார்த்தாள். மச்சான், எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவதை அதுவரை கண்டிராதவர் போல, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் கிளம்பியது. அக்கா ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்து வந்தாள். ஒரு வளைவு திரும்பினால் கீழே இன்னொரு வளைவு தெரியும். அதற்கும் கீழே இன்னொன்று. இன்னும் இருக்குதா என்று ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டாள். இருக்கிறது என்றேன். கல்லாறு தாண்டி ரோடு சமமானபோது மச்சான் சீட்டில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

அவள் என் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினாள்.

"லாரியில வந்தேன்னுதான் கண்ணு சொல்லுவாரு. ஸ்டூல்ல வந்து உக்காந்தா முழங்காலு ரண்டும் நடுங்கும். கையை வெச்சு அமுக்கிக்குவாரு. நானும் பாக்காதவளாட்ட இருந்துக்குவேன்."

"அப்பவே உனக்குத் தெரியுமாக்கா?"

"சைக்கிள்னு தெரியாது. கீழ இருந்து நடந்தே வாராருன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள்.

தூங்குகிறவரின் தலை ஜன்னல் சட்டத்தில் இடிக்காமல் தன் முந்தானையை மடித்து இடையில் வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள்.

"சைக்கிள்னு தெரிஞ்சிருந்தா கொஞ்சம் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."